யார் என்ற கேள்வியும் ஏன் என்ற கேள்வியும்

துப்பறியும் நாவல் என்றதும் முகத்தைச் சுளிப்பது நம்மவர்களிடம் பழகிப்போன காரியம். படித்துவிட்டுச் சுளிப்பவர்கள் சிலர். படிக்காமலே சுளிப்பவர்கள் பலர். முதல் வகையாருடன் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொல்ல உரிமையும் இருக்கிறது. இரவில் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்துவிட்டு, பகலில் இலக்கியக் கூட்டத்துக்கு வந்து, "அதெல்லாம் வெறும் குப்பை" என்று சொல்லுகிற மூன்றாவது ரகமும் உண்டு. அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும்.

கோவை ராஜேஷ்குமாரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த மூன்று ரகத்தாரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். எதிர்ப்புறத்திலிருந்து அவருடைய ரசிகர்களும் எழுந்து நிற்பார்கள். ஒரு பக்கத்தார் அவரை எழுத்தாளர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மறுபக்கத்தார் அவருடைய நாவல்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, அதுவே முடிந்த தீர்ப்பு என்பது போலக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டுமே விமரிசனம் ஆகாது. ஒருவர் எதை எழுதினார், எப்படி எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று பார்ப்பதுதான் நம்முடைய வேலை. மற்றதெல்லாம் கட்சிப் பேச்சு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ராஜகோபால் என்ற இயற்பெயருடைய ராஜேஷ்குமார் 1947-ல் கோவையில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். 1980-ல் மாலைமதியில் 'வாடகைக்கு ஓர் உயிர்' வெளிவந்தது. அதுதான் முதல் நாவல். அதிலிருந்து இன்றுவரை அவர் எழுதிய நாவல்கள் 1500-க்கு மேல். பெரும்பாலும் சிறிய நாவல்கள்தாம். ஆனாலும் சராசரி போட்டுப் பார்த்தால் பதினொரு நாளைக்கு ஒரு நாவல் வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, நல்ல நாள் கெட்ட நாள் பாராமல், இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார்.

மேல்நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த ஜார்ஜ் சிமனோன் தம் சொந்தப் பெயரில் ஏறக்குறைய 200 நாவல்கள் எழுதினார்; அவற்றில் 75 நாவல்களில் மெய்க்ரே என்ற இன்ஸ்பெக்டரை நடமாட விட்டார். அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. அவர்களுடைய எண்ணிக்கை நம் கோவைக்காரரின் பக்கத்தில்கூட வராது. ஆனால் சிமனோனின் எல்லா நாவல்களையும் பிரெஞ்சுக்காரர்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எது உயர்ந்தது, எது சுமார், எது தவிர்க்க வேண்டியது என்று அவர்களால் சொல்ல முடியும். ராஜேஷ்குமாரின் 1500 நாவல்களில் சிறந்த பத்து எவை என்று கேட்டால், இங்கே யார் பதில் சொல்லுவார்? ரசிகர் ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் சொல்லுவார். விமரிசகர் ஒருவரிடமும் பட்டியல் இல்லை.

இத்தனைக்கும் தமிழில் துப்பறியும் நாவல் நேற்று முளைத்தது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலானவர்களின் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்து வைத்தார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'மேனகா' 1935-ல் பேசும்படமாகவே வந்துவிட்டது. பிறகு தமிழ்வாணன் வந்தார். அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே குற்றவாளியைப் பிடித்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் கோர்ட்டிலிருந்து கிளம்பி வந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள். இந்த வரிசையில்தான் ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் நிற்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வம்சம் இது.

தமிழ்வாணனுக்கும் ராஜேஷ்குமாருக்கும் உள்ள உறவு கவனிக்கத் தக்கது. தமிழ்வாணனின் கல்கண்டு பத்திரிகை துணுக்குகளுக்குப் பேர்போனது. விஞ்ஞானம், உடல்நலம், உலக விநோதம் என்று கதை படிக்க வந்த வாசகனுக்கு நாலு செய்தியையும் மடியில் கட்டி அனுப்பும் பத்திரிகை. தொடக்க காலத்தில் அதற்கு எழுதியவர்களில் ராஜேஷ்குமாரும் ஒருவர். அந்தப் பாடம் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய கதைகளில் விஷமும் மருந்தும் மின்சாரமும் ஆராய்ச்சிக்கூடமும் அடிக்கடி வரும். 2017-ல் அறிவழகன் டைரக்ட் செய்து, அருண் விஜய் நடித்த 'குற்றம் 23' அவருடைய நாவல் ஒன்றை வைத்து எடுத்த படம். அந்தக் கதை குழந்தைப்பேறு சிகிச்சையைச் சுற்றிச் சுழல்கிறது. பத்திரிகையின் மூலையில் ஒரு துணுக்காக வரும் விஷயத்திலிருந்து ஒரு கொலையைக் கட்டி எழுப்ப அவருக்குத் தெரியும். இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். விஞ்ஞானம் நம் வீட்டுக்குள் நுழையும்போது அதனுடன் ஒரு புதிய பயமும் நுழைகிறது. அந்தப் பயத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னவர்கள் தமிழில் அதிகம் பேர் இல்லை.

அடுத்தது அவருடைய கட்டுமானம். இதில் அவர் நல்ல தச்சர். இரண்டு தண்டவாளங்களில் கதையை ஓட்டுவது அவருடைய தனி முத்திரை. ஓர் அத்தியாயத்தில் ஓர் ஊர், சில மனிதர்கள். அடுத்த அத்தியாயத்தில் வேறோர் ஊர், வேறு மனிதர்கள். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகன் யோசித்துக்கொண்டே போவான். முடிவுக்குச் சில பக்கங்கள் இருக்கும்போது இரண்டு தண்டவாளங்களும் ஒரே ஸ்டேஷனில் வந்து சேரும். கொலையாளி யார் என்ற ஒரு மர்மம் போதாது என்று, கதைகளுக்குள் என்ன உறவு என்ற இரண்டாவது மர்மத்தையும் அவர் வைக்கிறார். சுமார் நூறு பக்கத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். பக்கம் கூடினால் அச்சகத்தில் வெட்டுவார்கள். குறைந்தால் விளம்பரம் போட்டு நிரப்புவார்கள். இந்தக் கெடுபிடிக்குள் மாதா மாதம் ஒரு கணக்கைப் போட்டு, விடையும் தவறாமல் கொண்டுவருவது லேசான காரியமா? நாவல் எழுதுகிற யாரும் இதைக் கண்டு கொஞ்சம் அசந்துதான் போவார்கள்.

வாக்கியங்களும் அப்படியே. குட்டி வாக்கியங்கள். வர்ணனைக்கு ஒரு வரி, அதற்குமேல் சம்பாஷணை. பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே வீட்டில் ஒரே பிரதியைப் படிக்கலாம் என்கிற அளவுக்கு ஆபாசம் குறைவு. அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனத்தில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். அதற்குக் கொங்கு நாட்டின் இன்னொரு நாவலாசிரியரைத் துணைக்கு அழைக்கிறேன்.

ஆர். ஷண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' என்ற சிறு நாவலை வெளியிட்டார். தமிழின் வட்டார நாவல்களுக்கு முன்னோடி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட புத்தகம். அதையும் ஒரு கொலைக் கதை என்றே சொல்லிவிடலாம். விதவையான நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் அவளுக்குப் பின்னால் நின்று தூபம் போடுகிறான். கடைசியில் சின்னப்பன் அடிபட்டுச் சாகிறான். கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. போலீஸ் வருவதில்லை, துப்பறிகிறவர் வருவதில்லை, விசாரணையும் இல்லை. அடித்தவன் யார் என்பது வாசகனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு, 'ஏன் இப்படி ஆயிற்று?' என்ற கேள்வி நம்மை விடுவதில்லை. நாகம்மாள் கேட்டதில் நியாயம் இல்லையா? சின்னப்பன் கெட்டவனா? அப்படியானால் இந்த ரத்தம் யார் கணக்கில் சேரும்?

ராஜேஷ்குமாரின் நாவல் இதற்கு நேர்மாறு. அங்கே 'யார்?' என்பதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தில் பதில் கிடைத்துவிடும். கிடைத்ததும் கேள்வியும் தீர்ந்துவிடும். புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். குற்றவாளி தன் காரணத்தையும் சொல்லுவான். ஆனால் பல கதைகளில் அது இரண்டு பக்கத்து வாக்குமூலமாக, விவேக்கின் முன்னால் நின்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற காரணமாகவே இருக்கிறது. பழி, பேராசை, ஏமாற்றம் என்று பெயர் சொல்லி முடித்துவிடுகிற காரணம். அந்தக் காரணம் ஒருவனுடைய மனத்தில் எப்படி முளைவிட்டது, எத்தனை நாள் தண்ணீர் குடித்தது, அவன் வீட்டில் யார் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதற்கெல்லாம் நூறு பக்கத்தில் இடம் இல்லை. செத்தவர்களுக்கோ இன்னும் குறைந்த இடம். முதல் அத்தியாயத்தில் செத்துப்போன பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் யாரும் நினைத்து அழுவதில்லை. அவள் கணக்கின் முதல் வரியாகிவிட்டாள்.

இந்த வித்தியாசத்துக்கு எழுத்தாளர்களின் திறமை மட்டும் காரணம் அல்ல. மண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தொண்டாமுத்தூர் இருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலின் ஈரம் பட்ட பூமி. தென்னை, பாக்கு, வாழை, சின்ன வெங்காயம், திராட்சைப் பந்தல். இங்கே தகராறு என்றால் வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்குத் தகராறு, பாகப்பிரிவினைத் தகராறு. எப்போதாவது அது கைகலப்பில் முடிந்து, கைகலப்பு மேலே போய்விட்டால், யார் செய்தது என்பது பொழுது விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கிராமத்தில் கொலைக்கு மர்மம் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்கிற இடத்தில் துப்பறியும் நாவல் பிறக்க முடியாது; 'நாகம்மாள்'தான் பிறக்க முடியும்.

மில்கள் நிறைந்து நாலு திசையிலும் வளர்ந்த கோவை நகரம் வேறு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். லாட்ஜுகளும் வாடகை வீடுகளும் பெருகின. பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தார், என்ன செய்கிறார் என்பது தெரியாத வாழ்க்கை வந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடும் பழக்கம் வந்தது. 'யார்?' என்ற கேள்வி அர்த்தமுள்ள கேள்வியாக ஆனது அந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான். ராஜேஷ்குமார் அந்த நகரத்தின் எழுத்தாளர். அவருடைய வாசகர்கள் அதிகமும் கிராமத்திலிருந்து ஒரு காலை எடுத்து நகரத்தில் வைத்தவர்கள். இன்னொரு காலை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள். பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் ஒரு க்ரைம் நாவலை வாங்கிக்கொண்டு, ஊர் போய்ச் சேருவதற்குள் பாதி படித்துவிடுகிறவர்கள். அந்நியர்களைக் கண்டு அவர்களுக்கு இருந்த கலவரத்துக்கு அவர் ஓர் உருவம் கொடுத்தார். அந்த உருவத்தைக் கடைசிப் பக்கத்தில் கைதும் செய்துகொடுத்தார்.

இந்தக் கைது சின்ன விஷயம் அல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் பல வருஷங்களாக இந்தப் புத்தகங்களை விற்றவர். விற்பதற்கு முன் தாமே படித்துவிடுகிறவர். "இதிலே என்ன இருக்கிறதென்று படிக்கிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏனுங்கய்யா, நம்மூருல ஆரு செஞ்சாங்கன்னு அல்லாருக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சும் ஒண்ணும் ஆவறதில்லீங்க. இந்தப் பொஸ்தகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. ஆனாலும் புடிச்சுப் போடறாங்கல்லங்க" என்றார்.

துப்பறியும் நாவலைப் பற்றி இதைவிடத் தெளிவான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஒரு மனித உயிர் போனால் அதற்கு யாராவது கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது ஒரு தர்மம். உலகத்தில் அது தினமும் பொய்க்கிறது. நூறு பக்கக் கதையிலாவது அது பொய்க்காமல் இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவரைப் பார்த்து, 'உனக்கு ரசனை இல்லை' என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? 1500 முறை இந்த வாக்குறுதியைக் கொடுத்து, 1500 முறையும் காப்பாற்றியவர் ராஜேஷ்குமார். வாசகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத இலக்கிய கர்த்தாக்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த அம்மாளின் பேச்சில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தெரிந்தும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? இந்தக் கேள்விக்குத் துப்பறியும் நாவல் பதில் சொல்லுவதில்லை. சொல்ல முயற்சி செய்வதும் குறைவு. குற்றவாளி ஒருவன், அவனைப் பிடித்தால் உலகம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. சாட்சி சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்ட ஊர், சமாதானம் பேசி முடித்த பெரிய மனிதர்கள், செல்வாக்கு, ஜாதி, பணம் ஆகியவை அந்தக் கதைகளில் அபூர்வமாகவே தலைகாட்டுகின்றன. கோவையிலேயே பிறந்து, கோவையிலேயே வாழ்ந்து எழுதியவருடைய கதைகளில் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. தெருப் பெயர்கள் வருகின்றன. கொங்கு நாட்டின் பேச்சும் மண்ணும் அந்த அளவுக்கு வருவதில்லை. கதையின் ஊரை மாற்றி மதுரை என்று அச்சடித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் குடிமுழுகாது. தமிழ்நாடு முழுவதும் விற்க வேண்டிய சரக்குக்கு வட்டார வாசனை கூடாது என்பது வியாபார நியாயமாக இருக்கலாம். இலக்கிய நியாயமாக நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சிமனோனின் மெய்க்ரே கதைகளில் மழை பெய்தால் அந்த ஊரின் மழைதான் பெய்யும். அவரும் மடமடவென்று எழுதியவர்தான்.

ஆகவே என் கட்சி இது. ராஜேஷ்குமார் 'யார்?' என்ற கேள்வியில் கைதேர்ந்தவர். 'ஏன்?' என்ற கேள்வியின் வாசல் வரைக்கும் வந்து, பக்கம் முடிந்துவிட்டதே என்று திரும்பிப் போனவர். எப்போதும் திரும்பிப் போனாரா, அல்லது சில நாவல்களில் உள்ளே நுழைந்தாரா? இதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. 1500 நாவல்களில் முப்பதிலாவது அவர் உள்ளே நுழைந்திருக்க மாட்டாரா? இதைச் சொல்ல வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டி வைத்துக்கொண்டு கல் பொறுக்குகிற பொறுமை வேண்டும்.

அப்படிப் பொறுக்கி எடுக்கும் வேலையை நாம் செய்யவில்லை. 2008-ல் சென்னையிலுள்ள பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. அதில் தமிழ்வாணனும் ராஜேஷ்குமாரும் சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் இடம் பெற்றார்கள். நம் மாத நாவல்கள் கெட்டியான காகிதத்தில், முன்னுரையுடன், ஆங்கிலப் புத்தகக் கடைகளின் அலமாரியில் ஏறின. சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் தமிழில் இவற்றைத் தரம் பார்த்துத் தொகுக்க வேண்டியவர்கள் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதையும் அது காட்டிவிட்டது.

காலம் காத்திருக்காது. மாத நாவல் அச்சடிக்கப்படும் காகிதம் நீண்ட ஆயுள் உள்ளது அன்று. படித்தவர் பஸ்ஸில் விட்டுப் போவார். வீட்டில் சேர்ந்தால் தீபாவளிக்கு முன் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். பொட்டலம் மடித்த காகிதத்தில் விவேக்கின் பாதி விசாரணையைப் படித்துவிட்டு, மீதி என்ன ஆயிற்றோ என்று தவித்தவர்கள் எத்தனையோ பேர். தொலைக்காட்சித் தொடர்களும் கைபேசியும் வந்த பிறகு பெட்டிக்கடையில் தொங்கும் புத்தகங்களும் குறைந்துவிட்டன. இந்தப் பிரதிகள் எங்கேயாவது வரிசையாகச் சேர்த்து வைக்கப்பட வேண்டும். கோவையில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பஞ்சம் இல்லை. தமிழ்த்துறை மாணவர்கள் வருஷா வருஷம் ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். உள்ளூரிலேயே ஒரு மலை இருக்கிறது. ஏறிப் பார்க்க ஆள் இல்லை.

ஏறிப் பார்த்தவர்கள் இறங்கி வந்து, 'நல்லது பத்துத்தான் தேறும்' என்று சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்லை. பத்து நல்ல நாவல்கள் எழுதியவர் எந்த மொழியிலும் பெரிய எழுத்தாளர்தான். 'ஒன்றுமே தேறாது' என்று சொன்னால், அதையும் காரணம் காட்டிச் சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன். படிக்காமல் புகழ்வதும் படிக்காமல் இகழ்வதும் மட்டும் இனி வேண்டாம். ஓர் உயிர் போனால் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதியவருடைய எழுத்துக்கு, நாமும் ஒரு நாள் ஒழுங்கான கணக்கு எழுதி வைக்க வேண்டும்.